அரிசி கழுவிய தண்ணீர் நிறத்தில் ஒரு வீடு

எங்கள் எதிர்வீட்டுக்குப் புதிதாக வந்திருப்பவர்கள் ஒரு சோபா வாங்கிப் போட்டிருக்கிறார்கள். அதன் ஒரு கை வாசல் கதவில் இடிக்கிறது. கதவு பாதிதான் திறக்கும். குடும்பமே பக்கவாட்டில் நுழைந்து பக்கவாட்டில் வெளியே வருகிறது. நல்ல மனிதர்கள், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனாலும் அந்தக் கதவைப் பார்க்கும்போதெல்லாம், அதே வீட்டில் ஏழு வருஷம் இருந்துவிட்டு இப்போது புனேவுக்குப் போய்விட்ட அவள் ஞாபகம் எனக்கு வந்துவிடுகிறது. அவள் இருந்த காலத்தில் அந்த ஹாலில் மாடே கட்டலாம்.

பெருங்களத்தூரில் ஜி.எஸ்.டி. ரோட்டிலிருந்து கொஞ்சம் உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் குடியிருப்பு. இரண்டாவது மாடியில் அவள் வீடும் எங்கள் வீடும் நேரெதிர். சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் கார் பாகங்கள் செய்யும் ஒரு கொரியன் கம்பெனியில் அவள் மொழிபெயர்ப்பாளர். கொரிய அதிகாரிகள் சொல்வதைத் தொழிலாளிகளுக்குத் தமிழிலும், இவர்கள் சொல்வதை அவர்களுக்குக் கொரிய மொழியிலும் சொல்ல வேண்டும். அவள் கணவர் வங்கியில் வேலை பார்த்தார். அதிர்ந்து பேசாத மனிதர். நான் தாம்பரத்தில் ஒரு பள்ளியில் கணக்கு டீச்சர். அதிர்ந்து மட்டுமே பேசத் தெரிந்தவள்.

வந்த புதிதில் அவள் வீடும் எல்லோர் வீடும் மாதிரித்தான் இருந்தது. அப்புறம் கம்பெனி அவளை மூன்று மாதப் பயிற்சிக்குக் கொரியாவுக்கு அனுப்பியது. அங்கே ஒரு குடும்பத்தோடு தங்கியிருந்தாள். திரும்பும்போது எங்களுக்கெல்லாம் சாக்லேட்டும், முகத்தில் ஈரமாக ஒட்டிக்கொள்ளும் காகிதமும் கொண்டுவந்தாள். கூடவே ஒரு பழக்கத்தையும் கொண்டுவந்தாள். எந்தப் பொருளைப் பார்த்தாலும் தலையைக் கொஞ்சம் சாய்த்து, "இதை எடுத்துடலாமே" என்பாள்.

முதலில் ஷோகேஸ் போனது. பிறகு டைனிங் டேபிள், கட்டில், டிவிக்குக் கீழே இருந்த பெரிய மர அலமாரி எல்லாம் போயின. வண்டி வண்டியாகச் சாமான் இறங்குவதைப் பார்த்த வாட்ச்மேன், வீடு காலியாகிறது என்று புரோக்கருக்குச் சொல்லிவிட்டார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஒரு குடும்பம் வீடு பார்க்க வந்து நின்றது. அவள் அவர்களை உள்ளே கூப்பிட்டு உட்கார வைத்து, பார்லியை வறுத்துக் கொதிக்கவைத்த தண்ணீர் கொடுத்தாள். கொரியாவில் அதைத்தான் டீ மாதிரிக் குடிப்பார்களாம். நம் பக்கம் நீர்க்கடுப்புக்குக் கொடுப்பது. வந்தவர்கள் பயந்துபோய்ப் பாதி டம்ளரோடு எழுந்துவிட்டார்கள்.

சுவருக்கு வெள்ளையும் இல்லாமல் மஞ்சளும் இல்லாமல், அரிசி கழுவிய தண்ணீர் மாதிரி ஒரு நிறம் அடித்தாள். பெயின்டர் இரண்டாவது நாள் மாலை அவளிடம் வந்து, "பிரைமர் அட்ச்சாச்சும்மா. கலரு எப்போ வாங்கினு வருவீங்கோ?" என்றார். "இதாண்ணா கலர்" என்றாள் அவள். அவர் நேராக என் வீட்டுக்கு வந்து, குரலைத் தாழ்த்தி, "இன்னா டீச்சர், அந்த வூட்ல யார்க்குனா ஒடம்பு சரியில்லியா?" என்று விசாரித்தார். எங்கள் வீட்டில் ஒரு சுவர் ஆரஞ்சு, ஒரு சுவர் ஊதா. அதை அடித்தவரும் அவர்தான்.

ஜன்னலுக்குக் காடாத் துணியில் திரை. முழங்கால் உயரத்துக்கு ஒரு மர மேஜை, அதைச் சுற்றி உட்கார நாலு தட்டையான திண்டு. டியூப் லைட்டைக் கழற்றிவிட்டுத் தரைக்குப் பக்கத்தில் மஞ்சள் வெளிச்சம் தரும் ஒரு விளக்கு. ராத்திரி மெத்தையைத் தரையில் விரித்துப் படுத்து, காலையில் மடித்துச் சுவர் அலமாரிக்குள் வைத்துக் கதவைச் சாத்திவிட்டால் படுக்கையறையே காணாமல் போய்விடும். எனக்கு வாய் சும்மா இருக்குமா?

"பாயைச் சுருட்டி வைக்கறதுக்கு ஃப்ளைட் பிடிச்சுக் கொரியா போகணுமாடி?" என்றேன்.

"நாம சுருட்டி வெச்சுட்டு அந்த இடத்துல ஒரு பீரோவைக் கொண்டாந்து போட்டுடுவோம் அக்கா. அவங்க சும்மா விட்டுடுவாங்க. அவ்வளவுதான் வித்தியாசம்."

பேச்சிலும் அவள் அப்படித்தான். கம்பெனியில் ஒரு கொரிய மேனேஜர் மகா கோபக்காரராம். ஒருநாள் ஏதோ பாகம் தப்பாகப் போய்விட்டது என்று பத்து நிமிஷம் நின்ற இடத்தில் குதித்திருக்கிறார். முடித்ததும் எல்லோரும் இவள் முகத்தைப் பார்த்தார்கள். "நாளைக்குள்ள சரிபண்ணணும்னு சொல்றார்" என்றாளாம். சாயங்காலம் என்னிடம் இதைச் சொன்னபோது, "மீதியெல்லாம்?" என்று கேட்டேன். "அதை எடுத்துட்டேன் அக்கா. அது அவங்களுக்கு எதுக்கு?" என்றாள். அந்தத் தொழிலாளிகள் அவள் கல்யாண நாளுக்கு வீடு தேடி வந்து கேக் வெட்டியதன் காரணம் எனக்கு அன்றைக்குத்தான் புரிந்தது.

இவ்வளவு எடுக்கத் தெரிந்தவளுக்கு, யாராவது ஒன்றைக் கொடுத்தால் வேண்டாம் என்று சொல்லத் தெரியாது. கிரகப்பிரவேசம், வளைகாப்பு, பொங்கல் என்று தாம்பரம் சுற்றுவட்டாரத்தில் பரிசு ஓயுமா? இரண்டு கையையும் நீட்டி, குனிந்து வாங்கிக்கொள்வாள். கொடுத்தவர் லிஃப்ட்டில் இறங்கியதும் என் வீட்டுக் கதவைத் தட்டுவாள். "அக்கா, கொஞ்ச நாள் உங்க வீட்டுல இருக்கட்டும்." இப்படிச் சுவர்க் கடிகாரம், கண்ணாடி மயில், தஞ்சாவூர் பொம்மை என்று அவள் பங்குக்கும் சேர்த்து என் வீடு பெருத்தது. ஏற்கெனவே எங்கள் வீட்டில் கர்த்தரின் வசனம் மட்டுமே ஐந்து இடத்தில் தொங்கும். "உன் வீடு அமைதியா இருக்கறதுக்கு நான்டி ஜாமீன்" என்று அவளைக் கிண்டல் செய்வேன். சிரிப்பாள். கொடுத்தவர்கள் திரும்பி வருகிறார்கள் என்று தகவல் வந்தால் அந்தப் பொருள் மட்டும் ஒரு மணி நேரத்துக்கு அவள் வீட்டுக்குப் போய்விட்டு வரும்.

கிண்டல் செய்தேனே தவிர, அந்த வீட்டை அதிகம் அனுபவித்தது நான்தான். அரைப் பரீட்சைப் பேப்பர் கட்டோடு போய் அந்தக் குட்டை மேஜையில் உட்கார்ந்தால் ஒரே மூச்சில் திருத்தி முடித்துவிடுவேன். தலைவலி வந்தால் கேட்காமலே போய் அந்தத் தரையில் படுத்துக்கொள்வேன். அவள் ஒன்றும் கேட்கமாட்டாள். திரையை மட்டும் கொஞ்சம் இழுத்துவிட்டுப் போவாள். எங்கள் வீட்டில் எனக்கு ஒருநாளும் அப்படித் தூக்கம் வந்ததில்லை. இதை நான் அவளிடம் கடைசிவரை ஒப்புக்கொள்ளவில்லை.

அவர்களுக்குக் குழந்தை இல்லை. தத்தெடுக்கப் பெயர் பதிந்துவிட்டுக் காத்திருந்தார்கள். இதை அவள் என்னிடம் சொன்னது அப்படி ஒரு தலைவலி நாளில்தான். வீட்டில் ஒரு அறையை அவர்கள் படுக்கவோ துணி காயவைக்கவோகூட உபயோகிப்பதில்லை என்று நான் அதுவரை கவனித்ததே இல்லை. மெத்தைகூட ஹாலில்தான் விரிப்பார்கள். "அந்த ரூமை நாங்க எதுக்கும் வெச்சுக்கல அக்கா. வர்றவளுக்கு இடம் வேணும்ல" என்றாள். அவள் மாமியார் ஒருமுறை வந்தபோது ஹாலைச் சுற்றிப் பார்த்துவிட்டு, "புள்ளை இல்லாத வீடுன்னு உள்ள வந்ததுமே தெரியணுமா?" என்று கேட்டாராம். அதையும் அன்றைக்குத்தான் சொன்னாள். சொல்லும்போது குரல் ஒரே சீராக இருந்தது. எனக்குத்தான் அழுகை வந்தது.

மூன்று வருஷம் காத்திருந்த பிறகு ஒரு செவ்வாய்க்கிழமை காலை, வீட்டைப் பார்க்க ஓர் அதிகாரி அம்மா வருவதாகத் தகவல் வந்தது. அவர் வந்து பார்த்து எழுதிக் கொடுப்பதை வைத்துத்தான் குழந்தை கிடைக்கும். எனக்கு இரண்டு நாளாகத் தூக்கமில்லை. ஒரு பொம்மை இல்லை, ஒரு நாற்காலி இல்லை, சுவரில் ஒரு படம் இல்லை. பார்க்கிறவர் என்ன நினைப்பார்? வசதி இல்லாதவர்கள் என்பார். இல்லாவிட்டால் ஊரைவிட்டுப் போகத் தயாராக இருப்பவர்கள் என்பார். பெயின்டருக்கே சந்தேகம் வந்த வீடு அது.

பள்ளிக்கு லீவு போட்டேன். அந்த அம்மாவை அழைத்துவர அவள் ஸ்கூட்டரில் பெருங்களத்தூர் பஸ் ஸ்டாப்புக்குக் கிளம்பியதும், மேல்மாடி வீட்டுப் பெண்கள் இரண்டு பேரைக் கூப்பிட்டுக்கொண்டு களத்தில் இறங்கினேன். அவள் கணவர் சமையலறையில் பார்லி வறுத்துக்கொண்டிருந்தவர், "அக்கா, இது எதுக்குக்கா..." என்று ஆரம்பித்தார். "நீங்க சும்மா இருங்க தம்பி" என்றதும் சும்மா இருந்துவிட்டார். எங்கள் சோபா, பிளாஸ்டிக் நாற்காலிகள், கண்ணாடி மயில், மாடி வீட்டுப் பிள்ளைகளின் கரடி பொம்மைகள், சுவருக்கு இரண்டு கடிகாரம், ஒரு காலண்டர். அரை மணி நேரத்தில் வீடு வீடாகிவிட்டது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அவள் கதவைத் திறந்தாள். பின்னால் அந்த அதிகாரி அம்மா. அவள் முகத்தில் ரத்தமே இல்லை. அவரை எங்கள் சோபாவில் உட்காரவைத்தாள்.

அந்த அம்மா சுற்றிலும் பார்த்தார். பஸ்ஸில் நசுங்கி வந்த களைப்பு தெரிந்தாலும் கண் கூர்மையாக இருந்தது. இரண்டு கடிகாரமும் இரண்டு நேரம் காட்டியதை அவர் பார்த்ததை நானும் பார்த்தேன்.

"இதெல்லாம் எப்பம்மா வாங்கினது?"

ஒரே ஒரு பொய் போதும், முடிந்துவிடும். மூன்று வருஷக் காத்திருப்பு. சொல்லுடி என்று நான் உள்ளே வேண்டிக்கொண்டே நின்றேன்.

"இது எதுவும் எங்களோடது இல்ல மேடம். நான் உங்களைக் கூப்பிட வரும்போது இங்க இல்ல" என்றாள் அவள்.

அதிகாரி அம்மா என் பக்கம் திரும்பினார். "நீங்க யாரு?"

"எதிர்வீடு மேடம்."

"எதுக்கு இப்படிப் பண்ணீங்க?"

இருபத்தாறு வருஷம் பிள்ளைகளை எழுந்து நிற்கவைத்துக் கேள்வி கேட்டவள் நான். அன்றைக்கு நின்று பதில் சொல்வது என் முறை. "வீடு காலியா இருக்கறதைப் பார்த்துட்டு வேணாம்னு எழுதிடுவீங்களோன்னு பயந்துட்டேன் மேடம். தப்பு என்னோடதுதான். அவளுக்குத் தெரியாது. அவளுக்குப் பொருள்தான் பிடிக்காது மேடம். மனுஷங்களைப் பிடிக்கும். எனக்குத் தலைவலி வந்தா இங்கதான் வந்து படுப்பேன்" என்று சம்பந்தா சம்பந்தமில்லாமல் உளறிவிட்டு அழுதேன்.

அவர் கையிலிருந்த ஃபார்மை மடித்துப் பைக்குள் வைத்தார். பிறகு எழுந்தார். "எல்லாத்தையும் எடுத்துட்டுப் போங்க. நான் வெளிய நிக்கறேன். நான் இவங்க வீட்டைப் பாக்கத்தான் வந்தேன்."

கொண்டுவந்ததைவிட வேகமாகத் திருப்பிக் கொண்டுபோனோம். அவர் மறுபடி உள்ளே போய், முழங்காலைப் பிடித்துக்கொண்டு மெதுவாகத் தரையில் உட்கார்ந்தார். அறை அறையாகப் பார்த்தார். காலி அறைக் கதவை மட்டும் இரண்டு தடவை திறந்து பார்த்தார். "குழந்தை வந்தா வீடு இப்படி இருக்காதும்மா. தாங்குவீங்களா?" என்று கேட்டார்.

"தெரியல மேடம். வந்தாத்தான் தெரியும்" என்றாள் அவள்.

கிளம்பும்போது அந்த அம்மா என் வீட்டு வாசலில் நின்றார். "அக்கம்பக்கம் எப்படின்னு எழுத இந்த ஃபார்ம்ல ஒரு இடம் இருக்கு. எப்பவும் ஒரு வரி எழுதவே கஷ்டமா இருக்கும். இன்னைக்கு இடம் பத்தல" என்றார். சிரிக்காமல் சொன்னார். எனக்கு அது நல்லதா கெட்டதா என்று தெரியவில்லை. நாலு நாள் எதிர்வீட்டுக்காரி என்னோடு பேசவில்லை. ஐந்தாம் நாள், தலைவலி இருக்கிறதா என்று கேட்டுக்கொண்டு வந்தாள்.

எட்டு மாதம் கழித்துக் குழந்தை வந்தது. ஐந்து வயதுப் பெண். ஒட்ட வெட்டிய முடி, பெரிய கண், தோளில் ஒரு நீலப் பை. உள்ளே வந்ததும் அவளைப் பார்த்து "அம்மா" என்றது. நான் பூரித்துப்போனேன். அடுத்த நிமிஷம் என்னையும் "அம்மா" என்றது. மாடி வீட்டுப் பெண்களையும் கீரைக்காரியையும் "அம்மா" என்றது. வளர்ந்த இல்லத்தில் பெண்கள் எல்லோரையும் அப்படித்தான் கூப்பிட வேண்டுமாம்.

அந்தக் குழந்தை மாதிரி ஒழுங்கான குழந்தையை நான் வகுப்பில்கூடப் பார்த்ததில்லை. சாப்பிட்ட தட்டைக் கழுவி வைக்கும். பொம்மையோடு விளையாடி முடித்ததும் எடுத்த இடத்திலேயே திருப்பி வைக்கும். ராத்திரி போட்ட துணியைக் காலையில் மடித்து நீலப் பைக்குள் போட்டு, பையை வாசல் கதவுக்குப் பக்கத்தில் கொண்டுபோய் வைத்துவிடும். அலமாரியில் ஒரு தட்டு முழுக்க அதற்காக ஒதுக்கியும் ஒரு கைக்குட்டைகூட அங்கே போகவில்லை. எந்தப் பொருளையும் எடுத்துவிடுகிறவள் அந்தப் பையை மட்டும் தொடவில்லை.

ஒரு சனிக்கிழமை என் சமையலறையில் வந்து உட்கார்ந்தாள். "அவ வீட்டுல இருக்கான்னே தெரியல அக்கா. யாரோ எப்ப வேணா கூட்டிட்டுப் போயிடுவாங்கன்னு ரெடியா இருக்கா. நான்தான் தப்புப் பண்ணிட்டேன். இந்த வீட்டைப் பாத்தா ஒரு குழந்தைக்குத் தன்னோட வீடுன்னு தோணுமா?" என்றாள். ஏழு வருஷத்தில் அன்றைக்குத்தான் அவள் அழுது பார்த்தேன். மாமியார் கேட்டதற்கு அழாதவள்.

மறுநாள் தாம்பரம் மார்க்கெட்டுக்குப் போனாள். சுவரில் ஒட்டப் பட்டாம்பூச்சி, ரோஸ் நிறத்தில் குட்டி நாற்காலி, பளபளவென்று மின்னும் பல்பு மாலை, ஒரு பெரிய பீங்கான் ஜாடி நிறைய பிளாஸ்டிக் சூரியகாந்தி. எல்லாவற்றையும் அவளே ஒட்டினாள், மாட்டினாள். ஜாடியைக் குட்டை மேஜையின் நடுவில் வைத்தாள். எனக்கு ஜெயித்த சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. தலைவலிக்குப் போய் அங்கே படுத்தேன், பல்பு கண்ணைக் குத்தியது. அவளோ சமையலறையைவிட்டு ஹாலுக்கு வருவதையே குறைத்துக்கொண்டாள். குழந்தை எல்லாவற்றையும் வேடிக்கை பார்த்தது. பையை மட்டும் காலையில் வாசலுக்குக் கொண்டுபோய் வைத்துக்கொண்டே இருந்தது.

மூன்று வாரம் போயிருக்கும். ஒரு மாலை நான் பள்ளியிலிருந்து வந்து காபி போட்டுக்கொண்டிருந்தேன். கதவை யாரோ கீழ்ப்பக்கம் உதைக்கிற சத்தம். திறந்தால் குழந்தை நிற்கிறது. முகம் தெரியாத அளவுக்குச் சூரியகாந்தி. அந்த ஜாடியை இரண்டு கையாலும் வயிற்றோடு அணைத்துத் தூக்கிக்கொண்டு வந்திருந்தது.

"ஆன்ட்டி, இதை உங்க வீட்டுல வெச்சுக்கோங்க" என்றது.

நேற்றுவரை நான் அம்மா. பதவி போனதை நான் உடனே கவனித்தேன். ஜாடியை வாங்கிக்கொண்டு, "ஏன்டா செல்லம்? நல்லாத்தானே இருக்கு?" என்றேன்.

"எங்க அம்மாவுக்குப் பிடிக்கல."

"அப்படின்னு உங்க அம்மா சொன்னாங்களா?"

"சொல்லல. ஆனா அவங்க அந்தப் பக்கம் பாக்கவே மாட்டாங்க. எனக்காக வெச்சிருக்காங்க. எனக்கு வேணாம்."

குழந்தையைத் தேடிக்கொண்டு அவள் எதிர்வாசலுக்கு வந்து நின்றிருந்தாள். எவ்வளவு கேட்டிருக்கிறாள் என்று அவள் முகத்திலேயே தெரிந்தது. நடைக்கு வந்தவள் மேற்கொண்டு நடக்க முடியாமல் லிஃப்ட் பக்கத்துச் சுவரில் சாய்ந்து அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். அழுகிறாளா சிரிக்கிறாளா என்று எனக்குப் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. ஜாடியோடு நின்ற எனக்கும் கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கை இல்லை.

குழந்தைக்கு ஒன்றும் புரியவில்லை. தான் ஏதோ தப்பாகச் செய்துவிட்டோமோ என்று ஒரு நிமிஷம் என்னைப் பார்த்தது. பிறகு அவளிடம் போய் அவள் கையைப் பிடித்து இழுத்தது.

"எந்திரிம்மா. எல்லாரும் பாக்கறாங்க. வீட்டுக்குப் போலாம் வா."

எட்டடி தூரம்தான். அந்த எட்டடியும் அவள் கையை விடாமல் கூட்டிக்கொண்டு போய், உள்ளே விட்டு, எக்கி எக்கித் தாழ்ப்பாளையும் போட்டுக்கொண்டது.